பதினொரு மணிக்குள் மெமரி நிரம்பிவிடுகிறது, பிரவுசரில் எதைப் பார்ப்பது?

சாரல்மழை (குமுளி):

வணக்கம். குமுளி செக்போஸ்டுக்குக் கொஞ்சம் கீழே, தமிழ்நாட்டுப் பக்கத்தில், ஜெராக்ஸோடு சேர்த்து ஆன்லைன் விண்ணப்பம் போட்டுத் தரும் சின்னக் கடை வைத்திருக்கிறேன். இரண்டு சிஸ்டம் இருக்கிறது. ஒரே நாளில் வாங்கிய பழைய ஐ3, ஒவ்வொன்றிலும் 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10, இரண்டிலும் குரோம் பிரவுசர். எங்களுக்கு இரண்டு மாநில வேலையும் வரும் என்பதால் டேப் எப்போதும் பன்னிரண்டு பதினைந்து திறந்தே கிடக்கும். வாட்ஸ்ஆப் வெப், மெயில், தமிழ்நாடு இ-சேவை, கேரள இ-டிஸ்ட்ரிக்ட், மலையாள அறிவிப்புகளைப் படிக்க மொழிபெயர்ப்புப் பக்கம், கார்த்திகை பிறந்துவிட்டால் சபரிமலை விர்ச்சுவல் க்யூ, அப்புறம் தோட்டத்துக்காரர்கள் கடைக்குள் கால் வைத்ததும் கேட்பது ஏலக்காய் விலை என்பதால் அதைக் காட்டும் ஒரு தனியார் தளம், இப்படி.

காலையில் எட்டரைக்குக் கடை திறக்கும்போது எல்லாம் நன்றாக ஓடுகிறது. பதினொரு மணிக்குள் முதல் சிஸ்டத்தில் மெமரி 95 சதவீதம், டிஸ்க் 100 சதவீதம் என்று நின்றுவிடுகிறது. தமிழில் ஒரு எழுத்தை அடித்தால் அது திரையில் வர நாலு எண்ண வேண்டியிருக்கிறது. இதே வேலை செய்யும் இரண்டாவது சிஸ்டத்துக்கு ஒன்றும் ஆவதில்லை, அதுதான் எனக்குப் புரியவே இல்லை.

போன வாரம் வண்டிப்பெரியாறு பக்கம் எஸ்டேட்டில் வேலை பார்க்கும் ஒரு அம்மா, மகளின் கல்வி உதவித்தொகைக்காக அரை நாள் கூலியை விட்டுவிட்டு வந்திருந்தார். எல்லாம் நிரப்பி, கடைசியாக வங்கிப் புத்தகத்தின் நகலை ஏற்றும்போது பக்கம் வெள்ளையாகப் போய் ‘அவுட் ஆஃப் மெமரி’ என்று வந்துவிட்டது. மறுபடி முதலிலிருந்து நிரப்பினோம், அதற்குள் அவருடைய ஜீப் போய்விட்டது. அவர் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் எனக்கு அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. அதனால்தான் கேட்கிறேன்.

இதுவரை செய்தது: தினமும் சாயங்காலம் ஹிஸ்டரியும் கேஷும் அழிக்கிறேன். ரேம் சுத்தம் செய்யும் மென்பொருள் ஒன்று போட்டேன், அழுத்தினால் இரண்டு நிமிடம் மெமரி குறைந்த மாதிரி காட்டுகிறது, அப்புறம் முன்பைவிட மோசம். குரோமை முழுதாக நீக்கிவிட்டு மறுபடி போட்டுப் பார்த்தேன், அதே கதைதான். புது சிஸ்டம் வாங்கும் நிலையில் இல்லை. வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள் அண்ணே.

—

மலைச்சாலை:

4 ஜிபியை வைத்துக்கொண்டு இந்தக் காலத்தில் என்ன செய்ய முடியும்? இன்னொரு 4 ஜிபி ரேம் வாங்கிப் போடுங்கள், வேலை முடிந்தது.

—

போடிமெட்டு:

ரேம் போட வேண்டியதுதான், மறுக்கவில்லை. ஆனால் இரண்டும் ஒரே மாதிரி சிஸ்டம், ஒன்று மட்டும் படுக்கிறது என்று தம்பி எழுதியிருக்கிறாரே, அதைப் படித்தீர்களா? ஓட்டைக் குடத்துக்குப் பதில் பெரிய ஓட்டைக் குடம் வாங்கினால் பதினொரு மணிக்கு நிற்பது இரண்டு மணிக்கு நிற்கும். முதலில் எங்கே ஒழுகுகிறது என்று பார்ப்போம்.

தம்பி, கேஷ் அழிப்பதை இன்றோடு நிறுத்திவிடுங்கள். கேஷ் என்பது பெரும்பாலும் ஹார்ட் டிஸ்கில் கிடக்கும் பழைய படங்களும் பக்கத் துண்டுகளும், அதை அழிப்பதால் ரேம் காலியாவது கிடையாது. மறுநாள் எல்லாவற்றையும் நெட்டிலிருந்து மறுபடி இறக்க வேண்டியிருக்கும், மழைக் காலத்தில் உங்கள் பக்கம் நெட் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். ரேம் சுத்தம் செய்யும் அந்த மென்பொருளையும் இப்போதே நீக்கிவிடுங்கள். அந்த மாதிரி மென்பொருள்கள் செய்வது பெரும்பாலும் ஒன்றுதான், ஓடிக்கொண்டிருக்கும் எல்லாவற்றையும் ரேமிலிருந்து வெளியே தள்ளுவது. அதனால்தான் எண் குறைந்த மாதிரி தெரிகிறது. தள்ளியதெல்லாம் ஹார்ட் டிஸ்கில் ரேமுக்கு மாற்றிடமாக விண்டோஸ் வைத்திருக்கும் பேஜ் ஃபைலுக்குப் போகிறது, நீங்கள் டேபைத் தொட்டதும் அங்கிருந்து திரும்ப ஏற வேண்டும். டிஸ்க் 100 சதவீதம் நிற்பதற்கும், எழுத்து வர நாலு எண்ண வேண்டியிருப்பதற்கும் அதுதான் காரணம். ரேமோடு ஒப்பிட்டால் சுற்றும் ஹார்ட் டிஸ்க் மாட்டு வண்டி.

இனி செய்ய வேண்டியது. நீங்கள் விண்டோஸ் டாஸ்க் மேனேஜரைப் பார்க்கிறீர்கள், அதில் குரோம் என்று இருபது வரி இருக்கும், எது எந்த டேப் என்று தெரியாது. குரோமுக்குள்ளேயே தனியாக ஒரு டாஸ்க் மேனேஜர் இருக்கிறது. குரோம் ஜன்னலில் இருந்துகொண்டு ஷிஃப்டைப் பிடித்தபடி எஸ்கேப்பைத் தட்டுங்கள். ஒவ்வொரு டேபும், ஒவ்வொரு எக்ஸ்டென்ஷனும் (பிரவுசரோடு நாம் சேர்த்துப் போடும் குட்டி மென்பொருள்) பெயரோடு வரும். மெமரி என்ற தலைப்பைத் தட்டினால் பெரியது மேலே வந்துவிடும். எண் 3,30,000கே என்கிற மாதிரி இருக்கும், கடைசி மூன்று இலக்கத்தை விட்டுவிட்டுப் படித்தால் ஏறக்குறைய எத்தனை எம்பி என்று வந்துவிடும்.

முக்கியமான விஷயம் இதுதான். ஒரு தடவை பார்த்துவிட்டு முடிவு செய்யாதீர்கள். பெரிதாக இருப்பது வேறு, வளர்ந்துகொண்டே போவது வேறு. வாட்ஸ்ஆப் வெப் முந்நூறு எம்பி எடுத்தால் அது அதன் உடம்பு, காலையிலும் அதுதான், சாயங்காலமும் ஏறக்குறைய அதுதான். நாம் தேடுவது காலையில் இருநூறும் மதியம் எண்ணூறுமாக இருப்பதை. கடை திறந்து எல்லா டேபும் போட்டதும் ஒரு தாளில் எழுதுங்கள், இரண்டு மணி நேரம் கழித்து அதே வரிசையில் மறுபடி எழுதுங்கள், இரண்டாவது சிஸ்டத்திலும் அதையே செய்யுங்கள். இரண்டு தாளையும் இங்கே போடுங்கள், அப்புறம் பேசலாம்.

—

சாரல்மழை:

ரொம்ப நன்றி அண்ணே. கேஷ் அழிப்பதுதான் முதல் மருந்து என்று நானே வருகிறவர்களுக்கும் சொல்லிக்கொண்டிருந்தேன். இன்றைக்கு எழுதி எடுத்தேன். முதல் சிஸ்டத்தில் காலை 8.45க்கும் 10.45க்கும்:

வாட்ஸ்ஆப் வெப் 330 எம்பி, பிறகு 350. மெயில் 260, பிறகு 265. ஏலக்காய் விலைத் தளம் 190, பிறகு 870. பிடிஎஃப் அளவைக் குறைக்கும் எக்ஸ்டென்ஷன் ஒன்று வைத்திருக்கிறேன், அது 85, பிறகு 540. மற்ற டேப்கள் காலையில் எண்பதிலிருந்து நூற்றிருபது வரை இருந்தன, ஒவ்வொன்றும் இரண்டு மணி நேரத்தில் முப்பது நாற்பது கூடியிருக்கிறது. பிரவுசர் மட்டும் மொத்தம் 3 ஜிபியைத் தாண்டிவிட்டது.

இரண்டாவது சிஸ்டத்தில் எல்லாம் காலையில் இருந்த மாதிரியேதான் இருக்கிறது. அதில் அந்த எக்ஸ்டென்ஷன் இல்லை, விலைத் தளமும் திறப்பதில்லை, விலை கேட்கிறவர்கள் முன்னால் இருக்கும் முதல் சிஸ்டத்துக்குத்தான் வருவார்கள்.

ஆனால் ஒரு சந்தேகம். குரோமை நீக்கிவிட்டுத்தானே புதிதாகப் போட்டேன்? அந்த எக்ஸ்டென்ஷனை நான் மறுபடி போடவே இல்லை, எப்படி வந்து உட்கார்ந்தது?

—

கல்பாத்தித் தெரு:

நான் பாலக்காடு. இணையப் பக்கங்கள் எழுதுவதுதான் தொழில், அதனால் இதில் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

எக்ஸ்டென்ஷன் திரும்பி வந்தது சிங்க் வழியாக, அதாவது கூகுள் கணக்கில் சேமித்ததைக் குரோமில் திரும்பக் கொண்டுவரும் வசதி வழியாக. புதுக் குரோமில் உங்கள் கூகுள் கணக்கில் நுழைந்திருப்பீர்கள், சிங்க் இருந்தால் பழைய எக்ஸ்டென்ஷன்கள் எல்லாம் தானாக இறங்கிவிடும். வீட்டை வெள்ளையடித்துவிட்டு அதே சாமானைத் திரும்ப அடுக்கிய மாதிரி. எக்ஸ்டென்ஷன் பக்கத்துக்குப் போய் நீக்கினால்தான் கணக்கிலிருந்தும் போகும்.

இப்போது உங்கள் எண்களுக்கு வருவோம். மூன்று விஷயம் நடந்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

விலைத் தளம் அரை நிமிடத்துக்கோ ஒரு நிமிடத்துக்கோ ஒரு தடவை தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் பக்கமாக இருக்க வேண்டும். ஒழுங்காக எழுதிய பக்கம் புதுப் பட்டியல் வந்ததும் பழையதைக் கீழே போட்டுவிடும், பிரவுசர் அந்த இடத்தைக் கூட்டிப் பெருக்கி எடுத்துக்கொள்ளும். எழுதியவர் எங்கேயோ பழைய பட்டியலைப் பிடித்த பிடியை விடாமல் வைத்திருந்தால், பிரவுசர் அதை இன்னும் தேவைப்படும் பொருள் என்று நினைத்துத் தொடாது. ஒரு நாளில் ஆயிரம் பழைய பட்டியல் சேர்ந்துவிடும். மெமரி லீக் என்பது இதுதான். இதை உங்களால் சரிசெய்ய முடியாது, தளத்தை எழுதியவர்தான் செய்ய வேண்டும். நீங்கள் செய்யக்கூடியது, நாள் முழுக்கத் திறந்து வைக்காமல் யாராவது கேட்கும்போது திறந்து, பார்த்து, மூடிவிடுவது. மூடினால் அது பிடித்த இடம் முழுதாகத் திரும்பிவிடும்.

இரண்டாவது, எக்ஸ்டென்ஷன். நீங்கள் சுருக்கும் ஒவ்வொரு பிடிஎஃப்பையும் அது வேலை முடிந்த பிறகும் உள்ளேயே வைத்திருக்கிறது என்று அந்த 540 சொல்கிறது. எக்ஸ்டென்ஷனின் பின்னணிப் பகுதி வேலை இல்லாதபோது தூங்கிவிட வேண்டும் என்பதுதான் இப்போதைய முறை, இது நாள் முழுக்க விழித்துக்கொண்டிருப்பதே நல்லதில்லை.

மூன்றாவதுதான் பலர் கவனிக்காதது. மற்ற எல்லா டேபும் முப்பது நாற்பது கூடியிருக்கிறது என்றீர்களே, அதிலும் இந்த எக்ஸ்டென்ஷனின் கை இருக்கலாம். ‘எல்லாத் தளங்களிலும் உள்ள தரவைப் படிக்கவும் மாற்றவும்’ அனுமதி கேட்கும் எக்ஸ்டென்ஷன் தன்னுடைய ஒரு துண்டை ஒவ்வொரு டேபுக்குள்ளும் வைக்க முடியும், அது பிடிக்கும் இடம் எக்ஸ்டென்ஷன் கணக்கில் வராது, அந்த டேபின் கணக்கில்தான் வரும். ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசரில் 2014இல் இதைப் பற்றிப் பெரிய பேச்சு ஓடியது. அதை உருவாக்கும் மொசில்லாவில் மெமரியைக் குறைக்கும் வேலையில் இருந்த நிக்கோலஸ் நெதர்கோட், ஒரு பிரபலமான விளம்பரத் தடுப்பு எக்ஸ்டென்ஷன் பக்கத்துக்குள் இன்னொரு பக்கத்தைக் காட்டும் ஒவ்வொரு குட்டிச் சட்டத்துக்கும் (ஃப்ரேம்) தனியாகச் சுமார் 4 எம்பி எடுக்கிறது என்று அளந்து காட்டினார். நானூறு சட்டம் உள்ள பக்கம் என்றால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

சோதிக்க எளிய வழி: குரோமின் இன்காக்னிட்டோ (ஹிஸ்டரி வைக்காத தனி) ஜன்னலில் எக்ஸ்டென்ஷன்கள் ஓடாது, நீங்களாக அனுமதி கொடுத்திருந்தால் தவிர. ஒரு காலை முழுக்க அதில் வேலை பார்த்து அதே தாளை எழுதுங்கள். எண் ஏறவில்லை என்றால் திருடன் யார் என்று தெரிந்துவிடும்.

பிரவுசரையும் கொஞ்சம் புரிந்துகொள்ள வேண்டும். குரோம் 2008இல் வந்தபோதே டேப்களைத் தனித்தனிப் பிராசஸாக (தனியாக ஓடும் நிரலாக)ப் பிரித்துத்தான் வந்தது, ஒன்று விழுந்தாலும் மற்றது விழாமல் நிற்க வேண்டும் என்பதற்காக. 2018 ஜனவரியில் ஸ்பெக்டர் என்ற பிராசசர் ஓட்டை வெளியே தெரிந்தது, ஒரு தளம் பக்கத்துத் தளத்தின் தரவை எட்டிப் பார்க்க வழி இருக்கிறது என்று. அதனால் அந்த ஆண்டே குரோம் 67இல் ஒவ்வொரு தளத்தையும் தனிப் பிராசஸில் அடைக்க ஆரம்பித்தார்கள், அதற்கு விலையாக மெமரி 10 முதல் 13 சதவீதம் கூடும் என்று அவர்களே சொன்னார்கள். ஃபயர்ஃபாக்ஸும் 2021இல் அந்த வழிக்கு வந்துவிட்டது. விலைத் தளத்தில் உள்ள விளம்பரச் சட்டங்கள் டாஸ்க் மேனேஜரில் ‘சப்ஃப்ரேம்’ என்று தனி வரியாக வருவது இதனால்தான். இந்தப் பிரிப்பை அணைக்கச் சொல்லும் குறிப்புகள் இணையத்தில் கிடக்கும், அதைச் செய்யாதீர்கள். வங்கிப் புத்தகமும் ஆதாரும் ஏற்றுகிற சிஸ்டம் அது.

அதனாலேயே அந்த எக்ஸ்டென்ஷன் மேல் எனக்கு மெமரியைவிடப் பெரிய வருத்தம் இருக்கிறது. யார் எழுதியது என்று தெரியாத ஒன்று, எல்லாத் தளத்தையும் படிக்கும் அனுமதியோடு, எஸ்டேட் அம்மாவின் வங்கிப் புத்தகத்தை உள்ளே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. மெமரி சரியானாலும் சரியாகாவிட்டாலும் இன்றைக்கே நீக்குங்கள். பிடிஎஃப்பைச் சுருக்க அது தேவையே இல்லை. ஸ்கேனரில் 300க்குப் பதில் 150 டிபிஐ (அங்குலத்துக்கு எத்தனை புள்ளி) வைத்து, கலர் வேண்டாம், கிரேஸ்கேல் என்று எடுத்தாலே பெரும்பாலான விண்ணப்பத் தளங்கள் கேட்கும் அளவுக்கு வந்துவிடும்.

—

போடிமெட்டு:

அண்ணன் விளக்கமாகச் சொல்லிவிட்டார். நான் இரண்டு அமைப்பு மட்டும் சேர்க்கிறேன். குரோமில் செட்டிங்ஸ், பெர்ஃபார்மன்ஸ் போனால் மெமரி சேவர் இருக்கும், 2022 டிசம்பரில் வந்தது, போட்டுவிடுங்கள். நீங்கள் தொடாமல் விட்ட டேப்களை அது ரேமிலிருந்து இறக்கிவிடும், பெயர் மட்டும் மேலே நிற்கும், தொட்டால் மறுபடி ஏறும். பாதி நிரப்பிய படிவம் உள்ள டேபை அது இறக்காது, ஆனால் ஓடிபி போட்டு உள்ளே போன தளங்கள் திரும்ப ஏறும்போது வெளியே தள்ளிவிட வாய்ப்பு இருக்கிறது, அதனால் அப்படிப்பட்ட தளங்களை அதே பக்கத்தில் ‘எப்போதும் செயலில் வை’ பட்டியலில் சேர்த்துவிடுங்கள். எட்ஜ் பயன்படுத்துகிறவர்களுக்கு இதேதான் ஸ்லீப்பிங் டேப்ஸ், ஃபயர்ஃபாக்ஸ் என்றால் முகவரிப் பட்டையில் அபவுட், முக்காற்புள்ளி, பிராசஸஸ் என்று ஆங்கிலத்தில் அடித்தால் நான் சொன்ன மாதிரிப் பட்டியல் வரும்.

இன்னொன்று, செட்டிங்ஸில் சிஸ்டம் என்ற பகுதியில், குரோமை மூடிய பிறகும் பின்னணியில் ஓட விடவா என்று ஒரு பொத்தான் இருக்கும். அணைத்துவிடுங்கள். மூடிவிட்டோம் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்க, அது உள்ளே ஓடிக்கொண்டிருக்கும்.

—

சாரல்மழை:

நாலு நாள் பார்த்துவிட்டுத்தான் எழுத வேண்டும் என்று காத்திருந்தேன்.

முதல் நாள் இன்காக்னிட்டோவில் ஓட்டினேன், மற்ற டேப்கள் காலையில் இருந்த இடத்திலேயே நின்றன. அன்றைக்கே எக்ஸ்டென்ஷனை நீக்கிவிட்டேன். நீக்கும்போதுதான் அனுமதி வரியைத் தமிழில் நிதானமாகப் படித்தேன், போடும்போது படிக்கவில்லை. விலைத் தளத்தைக் கேட்கும்போது மட்டும் திறக்கிறேன், இல்லாவிட்டால் காலையில் ஒரு தடவை பார்த்து வெள்ளைப் பலகையில் எழுதிவிடுகிறேன், அதுவே வருகிறவர்களுக்கு வசதியாக இருக்கிறது. மெமரி சேவர் போட்டாயிற்று, இ-டிஸ்ட்ரிக்டை மட்டும் பட்டியலில் சேர்த்திருக்கிறேன்.

நேற்றுப் பதினொரு மணிக்குப் பிரவுசர் மொத்தம் 1.4 ஜிபி, சாயங்காலம் நாலு மணிக்கு 1.6. ஹார்ட் டிஸ்க் விளக்கு விட்டு விட்டு எரிகிறது, இத்தனை நாள் அணைந்ததே கிடையாது. தமிழ் அடித்தால் விரலோடு எழுத்து வருகிறது. கல்பாத்தி அண்ணா சொன்ன 150 டிபிஐயும் சரியாக இருக்கிறது, முத்திரை மட்டும் மங்கலாக வரும் சான்றிதழ்களுக்கு 200 வைக்கிறேன்.

சிஸ்டம் சரியாகிவிட்டாலும் ரேமும் போட்டுவிடலாம் என்று இருக்கிறேன், வியாழக்கிழமை தேனி போகிறேன். பழைய 4 ஜிபியோடு வேறு கம்பெனி 4 ஜிபி சேர்த்தால் ஓடுமா?

—

செங்கோட்டை அக்கா:

ஓடும் தம்பி, கம்பெனி ஒன்றாக இருக்க வேண்டும் என்பது கட்டாயம் இல்லை. ஆனால் வகை ஒன்றாக இருந்தே ஆக வேண்டும். போன வருடம் என் கடைக்கு ரேம் வாங்கப் போனபோது சிஸ்டம் மாடலைச் சொன்னேன், கடைக்காரர் பார்க்காமலே டிடிஆர் 4 கொடுத்துவிட்டார். என்னுடையது டிடிஆர் 3. வீட்டுக்கு வந்து போட்டால் இறங்கவில்லை, கீழே இருக்கும் வெட்டு வேறு இடத்தில் இருக்கிறது. பலமாக அழுத்தியிருந்தால் போர்டே போயிருக்கும். மறுபடி பஸ் ஏறி, மாற்றித் தரச் சொல்லி, ஒரு நாள் வீண்.

நீங்கள் கிளம்பும் முன் மூடியைத் திறந்து உள்ளே இருக்கும் ரேமை எடுத்து அதன் ஸ்டிக்கரைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அதில் டிடிஆர் எத்தனை, வேகம் எவ்வளவு, வோல்டேஜ் 1.5ஆ 1.35ஆ என்று எல்லாம் இருக்கும். புதியது 1600, பழையது 1333 என்றால் பரவாயில்லை, இரண்டும் 1333இல் ஓடும். விண்டோஸ் டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தில் எத்தனை ஸ்லாட்டில் எத்தனை நிரம்பியிருக்கிறது என்று காட்டும், அதையும் பாருங்கள், சில போர்டில் ஒரே ஸ்லாட்தான். முடிந்தால் பழைய ரேமையே கையோடு எடுத்துப் போங்கள், ஒரு சின்னக் காகித உறையில் போட்டு, பொன்னிறப் பல்லைத் தொடாமல்.

கையில் இருக்கும் பணம் ஒன்றுக்குத்தான் போதும் என்றால், நான் ரேமுக்கு முன்னால், சுற்றும் ஹார்ட் டிஸ்குக்குப் பதில் போடும் வேகமான எஸ்எஸ்டி வாங்குவேன். மெமரி எப்போதாவது நிரம்பி டிஸ்குக்கு வழிந்தாலும், எஸ்எஸ்டியில் வழிந்தால் வேலை நிற்காது. இரண்டாவது சிஸ்டமும் அதே வயதுதானே, அதன் ஹார்ட் டிஸ்கில் சத்தம் ஏதாவது வருகிறதா என்று ஒரு நாள் கடை அடைத்த பிறகு காது வைத்துக் கேளுங்கள்.

—

சாரல்மழை:

கேட்டேன் அக்கா. இரண்டாவதில் லேசாக டிக் டிக் என்று வருகிறது. அப்படியானால் வியாழக்கிழமை எஸ்எஸ்டி, இரண்டாவது சிஸ்டத்துக்கு. அதில் இருக்கும் விண்ணப்ப நகல்களை இன்று ராத்திரியே பென்டிரைவில் எடுத்து வைத்துவிடுகிறேன்.